ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய ஏ55 ஐக் கொடுத்துவிட்டு ஏ56 எடுக்கலாமா?

மேல்கொத்மலை (தலவாக்கலை), 16 ஏப்ரல் 2025, இரவு 8.40

அனைவருக்கும் புத்தாண்டு வணக்கம். கடந்த நவம்பரில் ஹட்டனில் சம்சுங் கேலக்ஸி ஏ55 ஒன்றை, 256 ஜிபி சேமிப்புடன், 128,000 ரூபாவுக்கு வாங்கினேன். சித்திரைக்கு உடுப்பு எடுக்கப் போன அன்று அதே கடைக்குள் ஒரு கண்ணாடி ஒட்டுவதற்காக நுழைந்தபோது, ஏ56 வந்திருப்பதைக் காட்டினார்கள். விலை 146,000 ரூபா. பெட்டியும் பற்றுச்சீட்டும் இருந்தால் என் போனை 75,000 ரூபாவுக்கு எடுத்துக்கொள்வதாகவும், மிகுதி 71,000 ரூபாவைக் கட்டினால் போதும் என்றும், இந்தச் சலுகை மாத முடிவு வரைதான் என்றும் முதலாளி சொன்னார்.

ஆசை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நான் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பின்தங்கிய பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் காணொளியாகப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புவதும், கடந்தகால வினாத்தாள்களைப் படம் பிடித்துப் பகிர்வதும் இந்தப் போனில்தான். காலை ஐந்தரைக்கு நூறு வீதத்தில் இருக்கும் பெட்டரி, பாடசாலை விடும் நேரத்தில் நாற்பதுக்கு இறங்கி, மாலை வகுப்பு முடியுமுன் அணைந்தே போகிறது. மீண்டும் முழுதாக ஏற்ற ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும். புதியதில் 45 வோட் வேகத்தில் சார்ஜ் ஏறும் என்று கடையில் சொன்னதுதான் என்னை இந்த யோசனைக்குள் இழுத்தது.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். 71,000 என்று சொன்னதும் விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, “ஆயிரத்து முந்நூத்தம்பது படி ஐம்பத்திமூணு பேர் வேலை” என்றார். தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. வேறொன்றும் சொல்லவில்லை. அந்த எண் இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

ஊவாக்காற்று (பண்டாரவளை), 16 ஏப்ரல், இரவு 9.55

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முதலில் இரண்டு போன்களுக்கும் இடையில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

இரண்டிலும் பெட்டரி 5,000 மில்லி அம்பியர் மணிதான். ஒரு துளி கூடவில்லை. பின்புறப் பிரதான கெமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல். முன்புறக் கெமரா 32 இலிருந்து 12 மெகாபிக்சலாகியிருக்கிறது, ஆனால் எண் குறைந்ததால் படம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. புரொசசர் எக்ஸினோஸ் 1480 இலிருந்து 1580 ஆகியிருக்கிறது. கனமான விளையாட்டு விளையாடுபவர்களுக்கு அது தெரியும், கரும்பலகையைப் படம் பிடிப்பவருக்குத் தெரியாது. எடை 213 கிராமிலிருந்து 198 கிராமாகக் குறைந்துள்ளது. சார்ஜிங் வேகம் 25 வோட்டிலிருந்து 45 வோட் ஆகியிருப்பதும், மென்பொருள் புதுப்பிப்பு வாக்குறுதி நீண்டிருப்பதுமே கணக்கில் எடுக்கக்கூடிய மாற்றங்கள். ஏ55 இற்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் உண்டு. ஏ56 இற்கு ஆறு பதிப்புகளும் ஆறு வருடமும்.

ஒன்றைக் கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏ56 இல் மெமரி கார்ட் போடும் வசதி எடுக்கப்பட்டுவிட்டது. காணொளி பதியும் ஒருவருக்கு அது இழப்பு. என் கருத்து, மாற்ற வேண்டாம்.

இராகலை வாசகி (இராகலை), 17 ஏப்ரல், காலை 6.20

ஊவாக்காற்று அண்ணா சொன்ன விபரங்கள் சரியானவை. ஆனால் முடிவுக்கு அவ்வளவு விரைவாக வந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். நான் கணக்குப் பதிவேடுகளோடு வேலை செய்பவள். ஆகவே இதைக் கணக்காகவே பார்த்தேன்.

ஏ55 உலகச் சந்தைக்கு வந்தது 2024 மார்ச். ஐந்து வருடம் என்றால் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2029 மார்ச்சோடு முடியும். நவம்பரில் வாங்கிய ஆசிரியருக்கு அது 52 மாதப் பாவனை. 128,000 ஐ 52 ஆல் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 2,460 ரூபா. இப்போது மாற்றினால், பழையதில் இழப்பது 53,000, புதியதற்குக் கொடுப்பது 146,000, மொத்தம் 199,000. ஏ56 வந்தது 2025 மார்ச், புதுப்பிப்பு 2031 மார்ச் வரை. நவம்பரிலிருந்து எண்ணினால் 76 மாதம். மாதம் ஏறக்குறைய 2,620 ரூபா. வித்தியாசம் மாதம் 160 ரூபாதான், ஒரு ரீலோட் காசு. வங்கிச் செயலி, கடவுச்சொல், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் போனுக்குள் இருக்கும் இக்காலத்தில், இரண்டு வருடம் மேலதிகப் பாதுகாப்பு என்பது சின்ன விடயமல்ல.

மெமரி கார்ட் பற்றியும் ஒரு கேள்வி. ஏ55 இல் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே தட்டில் ஒரே இடத்தைத்தான் பகிர்கின்றன. எங்கள் பக்கத்தில் லயத்தில் ஒரு நெட்வேர்க் எடுக்கும், டவுனில் மற்றது எடுக்கும். இரண்டு சிம் இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். ஆசிரியர் அவர்களே, உங்கள் போனில் இப்போது கார்ட் போடப்பட்டிருக்கிறதா?

மேல்கொத்மலை, 17 ஏப்ரல், பிற்பகல் 3.15

சகோதரி, இல்லை. இரண்டு சிம் போட்டிருக்கிறேன். கார்ட் வாங்கி வந்து, தட்டை வெளியே இழுத்துப் பார்த்து, இடமில்லை என்று அறிந்து, மேசை லாச்சிக்குள் வைத்தது நினைவுக்கு வருகிறது. ஆகவே அந்த வசதி என் கையில் இருந்தும் எனக்குப் பயன்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணக்கைப் பார்த்த பிறகு எடுத்துவிடலாம் என்ற பக்கமே மனம் சாய்கிறது.

நானுஓயா நிலையம் (நானுஓயா), 17 ஏப்ரல், இரவு 7.30

கொஞ்சம் பொறுங்கள், ஆசிரியரே. 2023 இல் நான் இதே இடத்தில் நின்றேன். கையில் எட்டு மாதப் பழசான ஏ53, கடையில் ஏ54. பெட்டரி மாலைவரை வருவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்றினேன். முதல் வாரம் புதுமையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் பார்த்தால் அதே நான்கு மணிக்கு அதே சிவப்பு அடையாளம். குறை போனில் இருக்கவில்லை, நான் வேலை செய்யும் பள்ளத்தாக்கில் இருந்தது என்பதை நான் அறிந்தபோது 60,000 ரூபா போயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய போனைக் கடையிலேயே அழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். படங்கள் எல்லாம் புதியதற்கு வந்துவிட்டன என்று நம்பித் தலையசைத்தேன். வட்ஸ்அப்பை நான் பெக்கப் எடுக்கவே இல்லை. என் அப்பா வைத்தியசாலையில் இருந்தபோது எனக்கு அனுப்பிய பதினொரு குரல் செய்திகள் அதற்குள் இருந்தன. “சாப்பிட்டியா, மழையில நனையாம போ” என்பதுதான் அவற்றில் பெரும்பாலும் இருந்தது. அவர் அந்த வருடமே காலமாகிவிட்டார். மாற்றுவதென்று முடிவெடுத்தால், கடைக்குப் போவதற்கு முதல் நாள் வீட்டில் அமர்ந்து எல்லாவற்றையும் மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, குரல் செய்திகளை ஓட விட்டுக் கேட்டு, அதன் பிறகே பழையதைக் கையளியுங்கள்.

மேசைவிளக்கு (ஹட்டன்), 17 ஏப்ரல், இரவு 10.10

நான் பதினான்கு வருடமாகப் போன் திருத்துபவன். விற்பனையில் எனக்குப் பங்கு கிடையாது, ஆகவே மனதில் உள்ளதைச் சொல்லலாம்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் இரண்டு கேள்விகள். எந்தச் சார்ஜரால் ஏற்றுகிறீர்கள்? வீட்டில் போன் எந்த இடத்தில் கிடக்கிறது?

முதல் கேள்விக்குக் காரணம், ஏ55 பெட்டிக்குள் சார்ஜர் வருவதில்லை, வயர் மட்டும்தான். என் மேசைக்கு “சார்ஜ் ஏற நேரமாகிறது” என்று வரும் போன்களில் பலவற்றுக்கு நான் ஸ்குரூவைக்கூடத் தொடுவதில்லை. பழைய போனோடு வந்த தடித்த வெள்ளைச் சார்ஜரைப் பையிலிருந்து எடுப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 2 அம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 10 வோட். 25 வோட் வாங்கக்கூடிய போனுக்கு அதைக் கொடுத்தால் அது பத்தைத்தான் வாங்கும். அந்த 25 வோட் வேகம் கிடைக்க, டைப் சீ வாய் உள்ள, பிபிஎஸ் (PPS) என்ற வேகச் சார்ஜ் முறை குறிப்பிடப்பட்ட சார்ஜர் வேண்டும். உங்கள் மூன்று மணி நேரம் என்ற கணக்கைப் பார்த்தால் எனக்கு அந்த வெள்ளைச் சார்ஜர்தான் கண்ணில் தெரிகிறது.

இரண்டாவது, சிக்னல். டவர் தூரத்தில் இருந்தாலோ நடுவில் மலை நின்றாலோ போன் தன் சக்தியைக் கூட்டி டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தேடல். நீங்கள் தொடாமல் வைத்திருந்தாலும் பெட்டரி இறங்கும். இதை அளந்து பார்க்கலாம். அமைப்புகளுக்குள் ‘தொலைபேசியைப் பற்றி’ என்பதில் நிலைத் தகவலைத் திறந்து, சிம் நிலையைப் பாருங்கள். டெசிபல் மில்லிவோட் அளவில், கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். 90 அளவில் என்றால் நல்லது, 115 ஐத் தாண்டினால் போன் மூச்சு வாங்குகிறது என்று பொருள். யாரிடமாவது ஏ56 இருந்தால் உங்கள் சிம்மை அதில் போட்டு, அதே இடத்தில் வைத்து அதே எண்ணைப் பாருங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்விக்கு உங்கள் வீட்டு யன்னலே பதில் சொல்லும்.

மலைநாட்டுக்காரர்களுக்குப் பொதுவாக ஒன்று. ஐபி67 என்று போட்டிருப்பதை நம்பி நனைந்த ஜேர்சிப் பைக்குள்ளும், அடுப்பங்கரை ஆவியிலும் போனை விடாதீர்கள். அந்தத் தரம் ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் முப்பது நிமிடம் என்ற பரிசோதனைக்குரியது. மாதக்கணக்கான ஈரத்துக்கும் ஆவிக்கும் அல்ல. சார்ஜ் வாயில் ஈரம் என்று துளி அடையாளம் காட்டினால், வாயை ஊதி உடனே குத்தாமல், காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். ஜனவரியில் பனி உறையும் காலைகளில் வீதம் திடீரென்று இறங்குவதும் பெட்டரி கெட்டுப்போனதால் அல்ல. சூடு வந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இராகலை வாசகி, 18 ஏப்ரல், காலை 6.05

மேசைவிளக்கு அண்ணாவின் கேள்விகள் என் கணக்கின் அடிப்படையையே தொடுகின்றன. மாதம் 160 ரூபா என்று நான் சொன்னது 2031 வரை அதே போனை வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். இடையில் ஒரு தடவையாவது பெட்டரி மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை நான் சேர்க்கவில்லை. ஐந்து மாதத்தில் மாற்ற நினைப்பவர் ஆறு வருடம் பொறுப்பாரா என்பதையும் யோசிக்கவில்லை. இதை ஆசிரியரைக் குறைசொல்ல எழுதவில்லை. எண்கள் சரியாக இருந்தும் கணக்கு முழுமையாக இல்லை என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஊவாக்காற்று, 18 ஏப்ரல், மாலை 5.40

இன்னொன்று. ஆண்ட்ராய்டு 15 இல் அமைந்த புதிய மென்பொருள் ஏ56 இல் அழகாக இருக்கிறது என்று கடையில் காட்டியிருப்பார்கள். அந்தப் பதிப்பு ஏ55 இற்கும் வரவேண்டியதுதான். இன்று கண்ணுக்குப் புதிதாகத் தெரிவதில் ஒரு பகுதி இலவசமாகவே உங்கள் கைக்கு வரும்.

மேல்கொத்மலை, 25 ஏப்ரல், இரவு 9.20

ஒரு வாரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னவற்றை எல்லாம் செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். மேசைவிளக்கு அண்ணன் எழுதியது போலவே 5 வோல்ட், 2 அம்பியர். 2018 இல் வாங்கிய போனோடு வந்தது. கணிதம் கற்பிக்கும் நான் அந்தப் பெருக்கலை ஐந்து மாதமாகச் செய்யவில்லை. சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய் 25 வோட் சார்ஜர் ஒன்றை 5,500 ரூபாவுக்கு வாங்கினேன். அன்றிரவு இருபது வீதத்தில் சொருகி மணி பார்த்தேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது. அம்மா கேட்டார், நான்கு பேர் வேலை என்று சொன்னேன். தலையசைத்தார்.

சிக்னல் விடயம்தான் எனக்குப் புதிய பாடம். என் அறை மலைச்சரிவை ஒட்டியது. பின்சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு வடிகான் மட்டுமே உண்டு. கட்டில் தலைமாட்டில் கழித்தல் 118 காட்டியது. குசினி யன்னலில், எதிர்மலை தெரியும் பக்கத்தில், கழித்தல் 97. இருபத்தொரு எண் வித்தியாசம், பத்தடித் தூரத்தில். எங்கள் பாடசாலையில் ஒரு சக ஆசிரியை இந்த மாதம்தான் ஏ56 எடுத்திருந்தார். அவரை வீட்டுக்கு அழைத்து, தேத்தண்ணி கொடுத்து, என் சிம்மை அவருடைய போனில் போட்டுத் தலைமாட்டில் வைத்தோம். கழித்தல் 117. யன்னலில் 97. இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து நாங்கள் மூவரும் குனிந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இப்போது போன் இரவில் குசினி யன்னலில் இருக்கிறது, அடுப்பிலிருந்து தள்ளி. பாடசாலையில் எடுக்காத இரண்டாவது சிம்மை அங்கே போனதும் நிறுத்திவைக்கிறேன். நேற்று பாடசாலை விட்டபோது 63 வீதம் இருந்தது. மாலை வகுப்பு முடிந்து வீடு வந்தபோது 31. பழைய காணொளிகளைப் பாடசாலைக் கணினிக்கு மாற்றி அங்கே ஒரு பிரதியும், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதியும் வைத்துவிட்டதால், போனில் நூறு ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது.

ஏ55 ஐ மாற்றவில்லை. முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நானுஓயா அண்ணன் எழுதியதை வாசித்த அன்றிரவே வட்ஸ்அப்பைப் பெக்கப் எடுத்தேன்.

நானுஓயா நிலையம், 25 ஏப்ரல், இரவு 9.50

மிக்க நன்றி, ஆசிரியரே. அந்தக் கடைசி வரிக்காகவே நான் எழுதியது வீண்போகவில்லை என்று நினைக்கிறேன்.

இராகலை வாசகி, 26 ஏப்ரல், காலை 6.15

ஆசிரியரின் முடிவில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இந்த இழையைப் பார்த்து எல்லோரும் மாற்றவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கையில் இருப்பது 2021 இல் வந்த ஏ32. மென்பொருள் காலம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது, வங்கிச் செயலி திறக்க அரை நிமிடம் எடுக்கிறது, திரையின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. எனக்கு ஏ56 இன் ஆறு வருடம் உண்மையிலேயே ஆறு வருடம். அடுத்த மாதச் சம்பளத்தோடு எடுக்கப் போகிறேன். மேசைவிளக்கு அண்ணா, வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மேசைவிளக்கு, 26 ஏப்ரல், பகல் 12.30

தங்கச்சி, நட்சத்திரம், ஹேஷ், பூச்சியம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எனும் போனின் அடையாள எண்ணைப் பெட்டியில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு காசை எண்ணிக் கொடுங்கள்.

ஏ32 ஐக் கொடுப்பதாக இருந்தால் அமைப்புகளுக்குள் போய் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அழியுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவர் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வருவார். கோடு விழுந்த திரைக்குப் பெரிய விலை தரமாட்டார்கள், வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பேசுவதற்கு மட்டும் கொடுப்பது நல்லது.

ஏ56 பெட்டிக்குள்ளும் சார்ஜர் இல்லை. 45 வோட் வேண்டுமென்றால் சார்ஜர் மட்டும் போதாது, 5 அம்பியர் தாங்கும் வயரும் வேண்டும். சாதாரண வயரைப் போட்டால் 25 இலேயே நின்றுவிடும். கடையில் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், வயரின் பெட்டியில் 5 அம்பியர் என்று எழுதியிருப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.